1,500 டாலருக்கு ஒரு பழைய பாய்மரப் படகு: எடுக்கலாமா, விடலாமா?

கேள்வி இது: மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு படகு யார்டில், 1976இல் கட்டிய கேட்டலினா 27 என்ற சுமார் 27 அடி நீளப் பாய்மரப் படகு ஒன்று ஆறு வருடமாக இரும்புத் தாங்கிகள் மேல் நிற்கிறது. விலை 1,500 டாலர். உள்ளே அட்டாமிக் 4 எஞ்சின். "நிறுத்தும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது" என்கிறார் உரிமையாளர். வாங்கிச் சீர்செய்து ஓட்டலாமா?

பணக் கணக்கை மட்டும் பார்த்தால் வேண்டாம். இதே படகு, அடுத்த வாரமே பாய் விரித்துப் போகலாம் என்ற நிலையில், 5,000 முதல் 8,000 டாலருக்குள் கிடைக்கிறது. உங்கள் படகை அந்த நிலைக்குக் கொண்டுவர, வேலை முழுவதையும் நீங்களே செய்தாலும் ஆகிற செலவைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் புதிதாக மாற்ற 1,200. கயிறுகள் 400. அடிப்பகுதித் துளைகளுக்கு வால்வுகள் 500. வயரிங், பேட்டரி 700. அடிப்பூச்சு, எபாக்சி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பசை), உப்புத்தாள் வகையறா 400. எஞ்சின் தேறாவிட்டால் புது அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) 3,000. நல்ல நிலையில் பழைய பாய்கள் 800. உயிர்காப்பு உடை, தீயணைப்பான், ஒளிக்குறி 300. யார்டில் இன்னொரு வருட வாடகை 1,500. பாய்மரத்தை நிறுத்தித் தண்ணீரில் இறக்க 500. மொத்தம் 9,300. படகின் விலையைச் சேர்த்தால் 10,800. இடத்துக்கு இடம் இந்த எண்கள் மாறும், ஆனால் கணக்கு போகும் திசை மாறாது. இதில் மெத்தையும் இல்லை, மேல்தளத்தில் அழுகல் இருந்தால் அதைச் சரிசெய்யும் செலவும் இல்லை.

அப்படியானால் எப்போது எடுக்கலாம்? அந்த வேலையே உங்களுக்குப் பிடித்திருந்து, இரண்டு கோடைகாலம் படகு ஓட்டாமல் படகு வேலை மட்டும் செய்யச் சம்மதம் என்றால் எடுக்கலாம். அதுகூட மூன்று விஷயங்கள் நன்றாக இருந்தால்தான்: மேல்தளம், கீல் (படகின் அடியில் தொங்கும் கனமான ஈயத் துடுப்பு) சேருமிடம், பாய்மரத்தின் பாரத்தை வாங்கும் அடித்தாங்கல். இந்த மூன்றும் தேறினால் மற்றதெல்லாம் காசும் பொழுதும்தான். இதில் இரண்டு போயிருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் கை வைக்காதீர்கள். பாசி படிந்த மேல்தளம், மங்கிய நீலப் பூச்சு, கிழிந்த மெத்தை, உள்ளே வீசும் பூஞ்சை நாற்றம் இவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். பேரம் பேச உதவுபவை அவை. பளபளவென்று மெழுகு பூசி வைத்திருக்கும் படகின் மேல்தளம் மிதித்தால் அமுங்குகிறதே, அதுதான் ஆபத்து.

பார்க்கப் போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர், டார்ச், சின்னக் கண்ணாடி, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், ஒரு காந்தம், இரண்டடி நீள நேர்ச்சட்டம், மாஸ்கிங் டேப். ஈரமானி இருந்தால் நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அடியில் உலோகம் இருந்தாலும், மேலே பனித்துளி இருந்தாலும் அது பொய் சொல்லும்.

மேல்தளத்தில் தொடங்குங்கள். படகின் உடல் திட ஃபைபர்கிளாஸ், கீல் உட்காரும் இடத்தைத் தவிர அதில் அழுக ஒன்றுமில்லை. மேல்தளத்தில் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோல்களுக்கு நடுவே மரம் இருக்கிறது. அந்தக் காலப் படகுகளில் அது ப்ளைவுட் துண்டாகவோ, நார் செங்குத்தாக நிற்கும்படி வெட்டிய பால்சா என்ற லேசான மரமாகவோ இருக்கும். மேல் தோலில் திருகு போட்ட ஒவ்வொரு துளையும் அந்த மரத்துக்குத் தண்ணீர் போகும் வழி. ப்ளைவுட் என்றால் நார் ஓடும் திசையிலேயே ஈரமும் ஓடி வெகுதூரம் பரவிவிடும். பால்சாவில் பக்கவாட்டில் மெதுவாகத்தான் பரவும், ஆனால் பரவிய இடம் கூழாகிவிடும். உங்கள் படகு நன்னீர் ஏரியில் இருந்தது என்பது இங்கே பாதகம். உப்பு நீர் மரத்தை அழுகவிடாமல் ஓரளவு தடுக்கும், மழைநீரும் ஏரிநீரும் அப்படித் தடுக்காது. போதாக்குறைக்கு ஆறு மிச்சிகன் குளிர்காலம் கடந்திருக்கிறது. உள்ளே புகுந்த ஈரம் உறைந்து விரியும்போது தோலையும் மரத்தையும் பிரித்துவிடும்.

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அரை அடிக்கு ஒரு தட்டு என்று மேல்தளம் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாக ஒலிக்கும், பிரிந்த இடம் 'தொப்' என்று மந்தமாக இருக்கும். மந்தமான இடத்தைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பாய்மரத்தின் அடி, பக்கக் கம்பிகள் மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், கைப்பிடிக் கம்பிக்கால்களின் அடி, முன்வாசல் மூடியின் நான்கு மூலை, கயிறு இழுக்கும் வின்ச்சுகளுக்குக் கீழே, காக்பிட் (உட்கார்ந்து ஓட்டும் பள்ளம்) தரை ஆகியவற்றை விடாதீர்கள். எல்லாம் முடிந்தபின் எட்டி நின்று பாருங்கள். டேப் போட்டது பத்தில் ஒரு பங்குக்குள், அதுவும் திட்டுத்திட்டாக இருந்தால் சமாளிக்கலாம். கால் பங்குக்கு மேல் போனால், இந்த விலையுள்ள படகுக்கு அந்த வேலை தகாது. சந்தேகமான இடத்தில், உரிமையாளர் அனுமதித்தால், உள்பக்கக் கூரையிலிருந்து 5 மில்லிமீட்டர் துளை போட்டுத் தூளைப் பாருங்கள். வெளிர்நிறத்தில் காய்ந்து உதிர்ந்தால் நல்லது. காப்பிப்பொடி நிறத்தில் துளைமுனையில் ஒட்டிக்கொண்டு வந்தால் மரம் போய்விட்டது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும். மின்ரம்பத்தின் ஆழத்தை மேல் தோலின் கனத்துக்கு, சுமார் 3 மில்லிமீட்டருக்கு, வைத்து வெட்டி, தோலைப் பெயர்த்து எடுக்க வேண்டும். ஈர மரத்தை உளியால் சுரண்டி, காய்ந்த மரம் தென்படும்வரை போக வேண்டும். டேப் போட்ட எல்லையைத் தாண்டித்தான் எப்போதும் போகும். கீழ்த் தோலை நன்றாக உலரவிட்டுத் தேய்த்து, பழைய மரத்தின் கனத்திலேயே புதுப் பால்சாவைக் கெட்டியாக்கிய எபாக்சியில் பதிக்க வேண்டும். பிறகு மேல் தோலைத் திரும்ப ஒட்டி, வெட்டு ஓரங்களைக் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து (3 மில்லிமீட்டர் தோலுக்குப் பக்கத்துக்கு 36 மில்லிமீட்டர்) அதன்மேல் கண்ணாடித் துணியை அடுக்க வேண்டும். சரிவு போதாவிட்டால் அந்த ஓரத்தில் ஒரே வருடத்தில் விரிசல் விழும். ஒரு சதுர மீட்டருக்கு 3 கிலோ எபாக்சியாவது இழுக்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பெரும்பாலான எபாக்சி இறுகாமல் இழுத்தடிக்கும், அதனால் ஏரிக்கரையில் மே முதல் செப்டம்பர் வரைதான் உங்களுக்குக் காலம்.

சிலர் துளை போட்டு ஊசியால் எபாக்சியைச் செலுத்தினால் போதும் என்பார்கள். ஈர மரத்தில் எபாக்சி ஒட்டாது. அது காலியான இடத்தை நிரப்பிவிடும், தட்டினால் ஒலியும் சரியாக வரும், மரம் மட்டும் உள்ளே அழுகிக்கொண்டே இருக்கும். விற்கப்போகிறவர்கள் செய்கிற வேலை அது. மேல்தளத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்ட ஒட்டுகள் தெரிந்தால் அதுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கீல். இந்தப் படகின் மொத்த எடை சுமார் 6,850 பவுண்டு, அதில் 2,700 பவுண்டு அடியில் தொங்கும் ஈயம். அது படகோடு சேருமிடத்தின் முன்முனையில் பிறைபோல் ஒரு விரிசல் தெரிவதை, இந்தப் படகுக்காரர்கள் 'கேட்டலினா புன்னகை' என்பார்கள். புன்னகை இருந்தாலே படகு போச்சு என்று அர்த்தமில்லை. பூச்சில் மட்டும் மயிரிழை விரிசல், உள்ளே நீர் தேங்கும் அடிக்குழி காய்ந்து சுத்தமாக இருக்கிறது என்றால், போல்ட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். படகின் பாரம் முழுவதும் கீல்மேல் உட்கார்ந்திருக்கும்போது இணைப்பைச் சுரண்டி, நிரப்பி, நட்டுகளைச் சீராக இறுக்கினால் போதும். ஆனால் நட்டை இறுக்க இறுக்க அடியிலுள்ள வாஷர் அமிழ்ந்துகொண்டே போகிறது என்றால் நிறுத்துங்கள். அந்தக் காலத்துக் கேட்டலினாக்களில் கீல் உட்காரும் அடிப்பகுதிக்குள் ப்ளைவுட் வைத்துக் கட்டுவதுண்டு. அடிக்குழியில் தேங்கும் நீர் போல்ட்டைச் சுற்றி அந்த மரத்துக்குள் இறங்கும். மரம் நசுங்கும், போல்ட் இறுக்கம் இழக்கும், முன்முனை திறக்கும். அதைச் சரிசெய்ய உள்ளிருந்து அந்த மரம் முழுவதையும் குடைந்து எடுத்துவிட்டுக் கண்ணாடித் துணி அடுக்க வேண்டும். குனிந்தபடி, தலைகூட நுழையாத இடத்தில் வாரக்கணக்காகும் வேலை அது.

போல்ட்டுகளில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பலமாக ஒட்டினால் அது சாதாரண எஃகு. ஆரம்பகாலப் படகுகளில் அப்படித்தான் இருந்தது. துரு அடுக்கடுக்காக உரிந்து, நட்டு உருண்டையாகிப் போயிருந்தால் அந்தப் போல்ட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய போல்ட்டுகளுக்குப் பக்கத்திலேயே ஈயத்தில் புதுத் துளை போட்டுத் துணைப் போல்ட் இறக்குவது வழக்கமான தீர்வு. இந்த மாடலுக்கு அதற்கான பாகங்கள் தயாராகக் கிடைக்கின்றன. துருப்பிடிக்காத எஃகு என்றாலும் நிம்மதியாக இருக்க முடியாது. காற்றுப் படாமல் ஈரத்திலேயே கிடக்கும் இடுக்கில் அதுவும் அரிக்கும், மேலே பளபளப்பாகத் தெரிந்துகொண்டே நடுவில் மெலிந்துவிடும். யார்டுக்காரரிடம் சொல்லிப் படகைப் பட்டையில் ஒரு அடி தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது விரிசல் அகன்று, இறக்கும்போது மூடினால், அல்லது அதிலிருந்து பழுப்பு நீர் கசிந்தால், விட்டுவிடலாம்.

மூன்றாவது, பாய்மரத்தின் அடி. இந்தப் படகில் பாய்மரம் மேல்தளத்தின்மேல் நிற்கிறது. அதன் பாரம் கீழே ஒரு தூண் வழியாகப் படகின் அடிக்குப் போகிறது. மேலே மரம் ஊறினாலோ, தூணின் காலடி அழுகினாலோ மேல்தளம் அமுங்கும். நேர்ச்சட்டத்தைப் பாய்மர அடியில் குறுக்காக வைத்துப் பாருங்கள், நடுவே வெளிச்சம் தெரிந்தால் பள்ளம். உள்ளே கழிவறைக் கதவு சட்டத்தில் இடித்துத் திறக்க மறுத்தால் அதுவும் இதே சங்கதிதான். அங்கேயே குறுக்குத் தடுப்புப் பலகையையும் பாருங்கள். பக்கக் கம்பிகளைப் பிடிக்கும் உலோகத் தகடு அதில்தான் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். மேலிருந்து வழிந்த நீர்க்கறை, கறுத்த ப்ளைவுட், ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்குவது இதெல்லாம் இருந்தால் பலகையை மாற்ற வேண்டும். இது கடினமான வேலையில்லை. பழையதை அச்சாக வைத்துப் புது மரைன் ப்ளைவுட் வெட்டி, உடலோடு கண்ணாடித் துணியால் பிணைப்பது ஒரு வார வேலை. தூணும் பலகையும் சேர்ந்து போயிருந்தால்தான் கவலை.

கம்பிகளின் வயது தெரியாவிட்டால் மாற்றியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு நீரில் 10 முதல் 15 வருடம், நன்னீரில் 20க்கு மேலும் தாங்கும். ஒரு பழைய பருத்தித் துணியைக் கம்பிமேல் ஓட்டினால் அறுந்த இழை இருக்கும் இடத்தில் சிக்கும். அழுத்தி மாட்டிய முனைகளை லென்ஸால் பாருங்கள், நீளவாக்கில் மயிரிழை விரிசல் கண்டால் அந்தக் கம்பி தேறாது. பாய்மரத்தின் குறுக்குக் கைகளைப் பிடிக்கும் வார்ப்பு அலுமினியப் பிடிகளில் விரிசல் விடுவது இந்தக் கம்பெனியின் பழைய படகுகளில் தெரிந்த பலவீனம், அதையும் பாருங்கள். பாய்மரம் தரையில் படுத்திருக்கும்போதே இதையெல்லாம் பார்த்துவிடுவது நல்லது.

சுக்கானின் உள்ளே நுரை இருக்கும், பெரும்பாலும் தண்ணீரும் இருக்கும். அடிமுனையில் பழுப்புக் கறை தெரிந்தாலோ, ஓரத்தையொட்டி வெடிப்பு இருந்தாலோ அது உறைபனியின் வேலை. அடியில் ஒரு துளை போட்டு வடியவிட்டு மூடினால் ஒருசில வருடம் ஓட்டலாம். சுக்கானை இருபக்கமும் ஆட்டிப்பார்த்து, தண்டு எவ்வளவு ஆடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டாமிக் 4 பற்றி இணையத்தில் சொல்லப்படும் பயமுறுத்தல்களில் பாதி வீண். யுனிவர்சல் கம்பெனி 1947 முதல் 1984 வரை கட்டிய, 30 குதிரைத்திறன், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. உங்கள் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: படகை நிறுத்தியபின் வந்த முதல் குளிர்காலத்துக்கு முன்னால் பிளாக்கிலிருந்து (எஞ்சினின் வார்ப்பு உடலிலிருந்து) நீரை வடித்தார்களா? வெளி நீராலேயே குளிரும் எஞ்சின் அது. நீரோடு உறைந்தால் பிளாக்கே பிளந்துவிடும். எண்ணெய் பாலாகக் கலங்கியிருக்கிறதா பாருங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். சிலிண்டரில் நீர் நின்றிருந்தால் கனெக்டிங் ராட் வளையும். துருவிளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். சுற்றினால் கம்ப்ரஷன் அளவுங்கள். நான்கும் சதுர அங்குலத்துக்கு 90, 100 பவுண்டை ஒட்டி ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் எஞ்சின் பிழைக்கும். ஒன்று மட்டும் 40 என்றால் வால்வு ஒட்டியிருக்கலாம், அதுவும் சரிசெய்யக்கூடியதுதான். பிளாக் பிளந்திருந்தால் புது டீசல் எஞ்சினை நினைத்தும் பார்க்காதீர்கள். பொருத்துவதற்குள் 10,000 டாலரைத் தாண்டிவிடும், படகின் மதிப்பு அதில் பாதிகூட உயராது. பின்பக்கத்தில் பிடி பொருத்தி 9.9 குதிரைத்திறன் நீளத்தண்டு அவுட்போர்டு மாட்டுவதுதான் புத்திசாலித்தனம். இந்த மாடல் பல படகுகள் முதலிலிருந்தே அவுட்போர்டோடுதான் வந்தன.

பெட்ரோல் எஞ்சினை வைத்துக்கொள்வதாக இருந்தால், எரிபொருள் குழாய் முழுவதையும் மாற்றி, ஆவியை வெளியேற்றும் மின்விசிறியைச் சரிசெய்யாமல் சாவியைத் திருப்பாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடிக்குழியில் போய்த் தங்கும்.

உடலில் உள்ள துளைகளில் கைச்சக்கரம் வைத்த பித்தளைக் கேட் வால்வு இருந்தால் அத்தனையும் எடுத்துவிட வேண்டும். வீட்டுக் குழாயில் வருகிற அதே வால்வுதான். அதிலுள்ள துத்தநாகம் கரைந்து, ஒருநாள் சக்கரம் கையோடு வந்துவிடும். வெண்கல சீகாக் (கைப்பிடியைத் திருப்பி மூடும் படகு வால்வு) வைத்துத் தடித்த தளத்தட்டின்மேல் இறுக்குங்கள். தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் முடித்தே தீரவேண்டிய வேலை இது.

அடியில் கொப்புளங்கள் இருந்தால் கலங்காதீர்கள். பத்து இருபது கொப்புளம் என்றால் தேய்த்து, உலரவிட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பினால் முடிந்தது. ஆறு வருடம் காய்ந்திருப்பது இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குச் சாதகம். ஆயிரக்கணக்கில் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். அடிப்பூச்சின் அளவுக்கு, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 0.85ஆல் பெருக்கினால் போதும். இந்தப் படகுக்கு அது சுமார் 200 சதுர அடி, ஒரு கேலன் இரண்டு பூச்சுக்கு வரும்.

உள்ளலங்காரம், அடுப்பு, மெத்தை, ரேடியோ எதையும் இப்போது பார்க்க வேண்டாம். பழைய வயரிங் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் புதிதாகப் போடுவது, தேடித்தேடி ஒட்டுப்போடுவதைவிட வேகமாக முடியும்.

படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர், படகின் நீளத்தில் அடிக்கு 20, 25 டாலர் கேட்பார், இந்தப் படகுக்கு 600 டாலர் சுமார் வரும். முதலில் மேலே சொன்னதை நீங்களே பாருங்கள். மூன்று பெரிய விஷயங்களும் தேறினால் மட்டும் அவரை அழையுங்கள். காப்பீட்டுக்கு எப்படியும் அந்த அறிக்கை தேவைப்படலாம்.

பணம் கொடுப்பதற்கு முன் யார்டு அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். வாடகை பாக்கி எவ்வளவு, அதை யார் கட்டுவது? உரிமையாளரே தேய்ப்பது, பூசுவது போன்ற வேலைகளைச் செய்ய அனுமதி உண்டா? பல யார்டுகளில் இல்லை, அல்லது தூசி உறிஞ்சி வைத்தே தேய்க்க வேண்டும் என்பார்கள். படகை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்கலாமா? பின்பக்கத்தின் வலது மேல்மூலையில் 12 எழுத்தெண் கொண்ட அடையாளக் குறி இருக்கும், கேட்டலினா என்றால் 'சிடிஒய்' என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும். அது உரிமைப் பத்திரத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பத்திரம் தொலைந்துவிட்டது, விற்பனைச் சீட்டு எழுதித் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். மாநில அலுவலகத்தில் நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

எல்லாம் தேறினாலும் 1,500 கொடுக்க வேண்டியதில்லை. விற்கிறவருக்கு மாதாமாதம் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. வாங்க ஆளில்லாத படகை அப்புறப்படுத்தவும் அவர்தான் பணம் கட்ட வேண்டும். ஆனால் ஒன்று அவருக்கும் தெரிந்திருக்கலாம்: அந்த 2,700 பவுண்டு ஈயத்துக்குப் பழைய இரும்புக்கடையில் பவுண்டுக்கு அரை டாலர் என்றாலும் 1,350 டாலர். வெட்டிப் பிரித்துக் குப்பைக்குக் கொண்டுபோகும் கூலியில் அதில் பெரும்பகுதி போய்விடும். அதனால் 500 டாலரில் பேச்சைத் தொடங்குங்கள், 800க்கு மேல் போகாதீர்கள். பாய்மரம், பூம் (பாயின் அடியைப் பிடிக்கும் கம்பம்), பாய்கள், தாங்கிகள் எல்லாம் விற்பனையில் அடக்கம் என்று சீட்டில் ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். யார்டின் பாய்மரக் கிடங்கில் படுத்திருப்பது இந்தப் படகின் பாய்மரம்தானா என்பதைப் பெயர்ச்சீட்டைப் பார்த்து உறுதிசெய்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.